ஆசை ஜாபிதா

ஜாபிதா இல்லாத தமிழ்க் குடும்பம் கிடையாது. மாதம் பிறந்தால் மளிகை ஜாபிதா. கல்யாணம் நிச்சயமானால் சீர் ஜாபிதா. ஊருக்குப் புறப்பட்டால் மூட்டை முடிச்சுகளின் ஜாபிதா. இவற்றில் உப்பு முதல் கற்பூரம் வரையில் சகலமும் இருக்கும். எழுதுகிறவருக்கு என்று மட்டும் ஒரு வரிகூட இராது. ஆசையை அடக்க வேண்டும் என்று காது புளிக்கக் கேட்டு வளர்ந்தவர்களானபடியால், சொந்த ஆசையைக் காகிதத்தில் எழுதுவதற்கே நமக்குக் கூச்சமாயிருக்கிறது.

அமெரிக்கர்களுக்கு அந்தக் கூச்சம் இல்லை. 2007-ஆம் ஆண்டில் அங்கே ஒரு சினிமாப் படம் வெளியாயிற்று. ஜாக் நிக்கல்ஸன், மார்கன் ஃப்ரீமன் என்னும் இரண்டு பிரபல நடிகர்கள் அதில் நடித்தார்கள். ஆஸ்பத்திரியில் ஒரே அறையில் படுத்திருக்கும் இரண்டு நோயாளிகள், தங்களுக்கு எஞ்சியிருக்கும் நாட்கள் கொஞ்சம் என்று தெரிந்ததும், சாவதற்குள் செய்து தீர்க்க வேண்டியவற்றை ஒரு ஜாபிதாவாக எழுதிக்கொண்டு புறப்படுகிறார்கள். ஆகாய விமானத்திலிருந்து குதிக்கிறார்கள். எகிப்து தேசத்துப் பிரமிடுகளைப் பார்க்கிறார்கள். தாஜ்மகாலுக்கும் சீனப் பெருஞ்சுவருக்கும் போகிறார்கள். இருவரில் ஒருவர் கோடீசுவரர் என்பதைக் கதாசிரியர் ஜாக்கிரதையாக முன்னாலேயே ஏற்பாடு செய்து வைத்திருந்தார். இல்லாவிட்டால் கதை ஆஸ்பத்திரி வாசலிலேயே முடிந்திருக்கும்! ஆங்கிலத்தில் 'வாளியை உதைத்தான்' என்று சொன்னால் 'மண்டையைப் போட்டான்' என்று பொருள். ஆகையினால் அந்த ஜாபிதாவுக்கு 'வாளி ஜாபிதா' என்ற பெயர் ஏற்பட்டது. அந்தப் பெயர் இன்றைக்கு உலகமெல்லாம் பரவிவிட்டது.

வாளியை உதைக்கும் உத்தேசம் நமக்கு இப்போதைக்கு இல்லை. ஆனாலும் நாமும் ஒரு ஜாபிதா எழுதினோம். அதற்கு மூன்று நிபந்தனைகள் விதித்துக்கொண்டோம். முதலாவது, ஒவ்வொரு வரியும் மாதச் செலவில் பள்ளம் விழாமல் நிறைவேறக் கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாவது, வீட்டிலுள்ள வயோதிகர்களும் குழந்தைகளும் கூட வந்து அனுபவிக்கக் கூடியதாக இருக்க வேண்டும். மூன்றாவது, பிறரிடம் சொல்லிப் பெருமையடித்துக் கொள்வதற்காக எந்த வரியையும் எழுதக்கூடாது. இந்த மூன்றுக்கும் கட்டுப்பட்ட ஊர் எது என்று தேடியபோது, சென்னையிலிருந்து சுமார் 75 கிலோமீட்டர் தூரத்தில், பஸ்ஸிலும் ரயிலிலும் போய் இறங்கக்கூடிய காஞ்சிபுரம் முன்னால் வந்து நின்றது.

காஞ்சிபுரம் என்றவுடன் கோயில் கணக்கும் பட்டுப் புடைவைக் கணக்கும் ஆரம்பமாகிவிடும். கோயில்கள் அனைத்தையும் ஒரே நாளில் தரிசித்து விடுவோம் என்று புறப்படுகிறவர்கள், மாலையில் கால் வலியைத் தவிர வேறொன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்வதில்லை. நாம் எழுதிய ஜாபிதா அவ்வளவு பெரியதன்று. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அது தானாகவே மூன்று பிரிவாகப் பிரிந்திருந்தது: தினந்தோறும் கிடைப்பவை, வருஷத்துக்கு ஒரு முறை கிடைப்பவை, நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை கிடைப்பது. எந்தப் பிரிவுக்கு அவசரம் அதிகம் என்பதுதான் இந்த வாரத்து விஷயம்.

தினந்தோறும் கிடைப்பவற்றுள் முதல் ஸ்தானம் கோயில் இட்லிக்கு. சாதாரண இட்லியைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இதை இட்லி என்று ஒப்புக்கொள்ளச் சற்று நேரம் ஆகும். அரிசியையும் உளுந்தையும் கொரகொரப்பாக அரைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் எல்லாம் சேர்த்த மாவு. மூங்கிலால் முடைந்த நீண்ட குடலைக்குள் மந்தாரை இலையைப் பரப்பி, அதற்குள் மாவை ஊற்றி, மணிக்கணக்காக ஆவியில் வேக வைக்கிறார்கள். வெளியே எடுக்கும்போது உருண்டு திரண்ட ஒரு தூண் போல் இருக்கிறது. அதைத் துண்டு போட்டுத் தருகிறார்கள். வரதராஜப் பெருமாளுக்கு நைவேத்தியமாகிறபடியால் அதற்குக் கோயில் இட்லி என்று பெயர். குடலையில் வேகிறபடியால் குடலை இட்லி என்றும் சொல்வார்கள். வாயில் போட்டவுடன் கரையும் ஜாதியைச் சேர்ந்ததன்று அது. நின்று மெல்ல வேண்டும். மெல்லும்போது மிளகு ஒரு பக்கம் சுறுக்கென்கும், சுக்கு தொண்டையைத் தடவிக் கொடுக்கும், மந்தாரை இலையின் வாசனை மெதுவாகப் பின்னால் வரும். சட்னியும் சாம்பாரும் வேண்டும் என்று கேட்பவர்கள் கேட்கலாம். அது வீணைக் கச்சேரிக்கு நடுவில் தவுல் கேட்பது போன்றது என்பது நம்முடைய அபிப்பிராயம்.

இரண்டாவது வரி, கைலாசநாதர் கோயிலில் ஊர்ந்து செல்வது. பல்லவ மன்னன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் கட்டிய கோயில் இது. திருச்சுற்றைச் சூழ்ந்து 58 சிறு சந்நிதிகள் இருக்கின்றன. சிற்பங்களைப் பற்றி அறிஞர்கள் நிரம்ப எழுதியிருக்கிறார்கள். நம்முடைய ஜாபிதாவில் எழுதியிருந்தது வேறு. கர்ப்பக்கிருகத்தைச் சுற்றி வருவதற்கு ஒரு குறுகலான பாதை இருக்கிறது. அதற்குள் நிமிர்ந்து போக முடியாது. உடம்பைக் குறுக்கிக்கொண்டு ஊர்ந்து நுழைந்து, இருட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, மறுபடியும் ஒரு சிறு துவாரத்தின் வழியாக வெளியே வர வேண்டும். அப்படி வந்தால் புதுப் பிறவி எடுத்ததற்குச் சமானம் என்பது நம்பிக்கை. பெரிய உத்தியோகஸ்தரும் பெரிய சரீரமுடையவரும் முழங்காலில் தவழ்வதை அங்கே பார்க்கலாம். குழந்தைகள் ஒரு முறை போய்விட்டு, இன்னொரு முறை என்று வரிசையின் கடைசிக்கு ஓடுகிறார்கள். புதுப் பிறவி என்பது என்னவென்று அவர்களுடைய முகத்தைப் பார்த்தால் தெரிகிறது.

மூன்றாவது வரி, வைகுண்டப் பெருமாள் கோயில். படங்கள் நிறைந்த பத்திரிகையை வாசிக்கிற நேயர்களுக்கு இக்கோயில் விசேஷமாகப் பிடிக்கும். ஏனென்றால், சிங்கத் தூண்கள் வரிசையாக நிற்கும் அதன் திருச்சுற்றுச் சுவரில் பல்லவ வமிசத்தின் சரித்திரம் முழுவதும் சித்திரக் கதை போல் கல்லிலே செதுக்கப்பட்டிருக்கிறது. சில சிற்பங்களுக்குப் படத்துக்குக் கீழே விளக்கம் போடுவதைப் போலக் கல்லெழுத்தும் இருக்கிறது! அதில் ஒரு கட்டம் நம்மை வெகு நேரம் நிறுத்தி வைத்தது. இரண்டாம் பரமேசுவரவர்மன் வாரிசில்லாமல் இறந்துவிட்டான். நாட்டுக்கு அரசன் வேண்டும் என்று பெரியோர்கள் தொலைவிலிருந்த பல்லவக் கிளையைச் சேர்ந்த இரணியவர்மனிடம் செல்கிறார்கள். அவன் தன் குமாரர்களைக் கேட்கிறான். மூத்தவர்கள் ஒவ்வொருவராக மறுத்து விடுகிறார்கள். பன்னிரண்டு வயதுக் கடைக்குட்டி மட்டும் தான் போவதாகச் சொல்கிறான். அந்தப் பையன்தான் பிற்பாடு நந்திவர்ம பல்லவமல்லன் என்று பெயர் பெற்று, வெகு காலம் அரசாண்டு, இந்தக் கோயிலையும் கட்டியவன். யோசிக்கத் தெரிந்த மூத்தவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்; புறப்படத் தெரிந்தவன் சுவரில் ஏறிவிட்டான்.

நான்காவது வரி சின்ன காஞ்சிபுரத்தில். வரதராஜப் பெருமாள் கோயிலின் நூற்றுக்கால் மண்டபத்தில் கல்லிலேயே வளையம் வளையமாகச் செதுக்கிய சங்கிலியை நிமிர்ந்து பார்ப்பது. பிறகு வரிசையில் நின்று தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொடுவது. பல்லி மேலே விழுந்தால் என்ன பலன் என்று பஞ்சாங்கத்தைப் புரட்டுகிறவர்களுக்கெல்லாம் இங்கே ஒரே தொடுதலில் நிவாரணம் கிடைக்கிறது. பல்லி சாஸ்திரத்தில் நம்பிக்கையில்லாதவர்களும் வரிசையில் நின்றார்கள். ஒருவேளை இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற முன்ஜாக்கிரதைதான் காரணமாயிருக்க வேண்டும்.

இனி ஐந்தாவது வரி. இதற்காக விடியற்காலையில் எழுந்திருக்க வேண்டும். பிள்ளையார்பாளையம் முதலிய நெசவாளர் தெருக்களில், வெயில் ஏறுவதற்கு முன்னால், தெரு நீளத்துக்குப் பட்டுப் பாவை நீட்டிக் கட்டி, இழை இழையாகச் சீர் செய்வதை இன்னும் சில இடங்களில் பார்க்கலாம். இளங்காலை வெளிச்சத்தில் தெரு நடுவே ஒரு வர்ண ஆறு ஓடுவது போல் இருக்கும். பிறகு, தெரிந்தவர்கள் மூலமாக அனுமதி பெற்று, ஒரு வீட்டினுள் தறி ஓடுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். புடைவை வாங்குவது ஜாபிதாவில் கிடையாது. அது முதல் நிபந்தனைக்கு விரோதம்.

'காஞ்சிபுரம் போனால் காலாட்டிக்கொண்டு சாப்பிடலாம்' என்று ஒரு பழமொழி இருக்கிறது. வேலையில்லாமல் திண்ணையில் சாய்ந்து காலை ஆட்டுவதைத்தான் இது சொல்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். குழித்தறியின் முன் ஐந்து நிமிஷம் உட்கார்ந்தால் அர்த்தம் விளங்கிவிடும். நெசவாளியின் கால்கள் இரண்டும் பள்ளத்துக்குள் இருக்கின்றன; அவை மாறி மாறி மிதியை மிதித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தக் கால் ஓய்ந்தால் அடுப்பும் ஓய்ந்துவிடும். சோம்பேறியைப் பற்றியது என்று நாம் எண்ணியிருக்கும் பழமொழி, ஓய்வு அறியாத ஒரு தொழிலைப் பற்றியது!

காஞ்சிப் பட்டின் பெருமைக்குக் காரணமான கோர்வை வேலையை அங்கே கண்ணால் பார்க்கலாம். உடல் ஒரு நிறம். கரை வேறொரு நிறம். இரண்டையும் சாயத்தினால் பிரிப்பதில்லை. நடுவுக்கு ஒரு நாடா, இரண்டு கரைகளுக்கு இரண்டு நாடா, ஆக மூன்று நாடாக்கள் ஓடுகின்றன. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று கோத்துக்கொள்கின்றன. தறியில் ஒருவர் மட்டும் உட்கார்ந்து இதைச் செய்வது கடினம். பக்கத்தில் இன்னொருவர் அமர்ந்து, ஒரு கரையின் நாடாவை ஒவ்வொரு முறையும் தள்ளிக் கொடுக்க வேண்டும். ஒரு புடைவை முடிவதற்கு வேலைப்பாட்டைப் பொறுத்துப் பல நாட்கள், சில சமயம் வாரங்கள் ஆகின்றன. அத்தனை நாளும் இரண்டு பேர், நான்கு கைகள், ஒரே தாளம்.

முன்னாளில் அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவனாக அல்லது சிறுமியாக இருப்பான். பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகப் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறியோரத்தில் உட்கார்ந்த குழந்தைகள் அநேகர். அந்தக் கொடுமை பெரும்பாலும் ஒழிந்து, குழந்தைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். இதைவிட நல்ல செய்தி அந்தத் தெருக்களுக்கு இல்லை. படித்து முடித்த பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கும் சென்னைக்கும் வேலைக்குப் போகிறார்கள். அதையும் குறை சொல்ல யாருக்கும் உரிமையில்லை. மாதம் பிறந்தால் சம்பளம் வரும் உத்தியோகத்தை விட்டு, பள்ளத்தில் காலை விட்டு உட்கார் என்று யார் சொல்ல முடியும்? ஆனால் தறியோரத்து அந்த இரண்டாவது இடத்தில் இன்றைக்குப் பல வீடுகளில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கும் வயதாகிறது. அவளுக்குப் பின்னால் யார் என்ற கேள்விக்குப் பல வீடுகளில் பதில் இல்லை. 2005-06-ஆம் ஆண்டில் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இந்தப் பெயரை வேறு ஊரார் திருடக்கூடாது என்பதற்குச் சட்டம் இருக்கிறது. மூன்றாவது நாடாவைத் தள்ளிக் கொடுப்பதற்கு ஒரு கையைச் சட்டத்தினால் உண்டாக்க முடியுமா?

வருஷத்துக்கு ஒரு முறை கிடைப்பவை இரண்டு வரிகள். சித்திரா பௌர்ணமியன்று வரதர் அய்யங்கார்குளம் என்னும் கிராமத்துக்கு எழுந்தருளுகிறார். அங்கே பூமிக்கு அடியில், படிக்கட்டு வழியாக இறங்கிச் செல்லும்படியான நடவாவிக் கிணறு இருக்கிறது. வழக்கமாகத் தண்ணீரில் மூழ்கிக் கிடக்கும் அதன் கல் மண்டபத்தை, அந்த உற்சவத்துக்காக நீரை இறைத்துத் திறந்து வைக்கிறார்கள். கோடை வெயிலிலிருந்து படியிறங்கிப் போகும்போது தட்பமும் மண் வாசனையும் எதிர்கொள்கின்றன. சில நாட்களில் ஊற்று மறுபடியும் மண்டபத்தை எடுத்துக்கொண்டு விடுகிறது.

மற்றொன்று வைகாசிப் பிரம்மோற்சவத்தின் மூன்றாம் நாள் நடைபெறும் கருட சேவை. அதிகாலையில் லட்சக்கணக்கான ஜனங்கள் கூடுகிறார்கள். கோபுர வாசலுக்குப் பெருமாள் வரும்போது ஒரு வேடிக்கையான சம்பவம் நடக்கிறது. இத்தனை பேரும் கண்ணைக் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கும் சமயத்தில், குடைகளினால் பெருமாளை ஒரு கணம் மறைத்து விடுகிறார்கள். காரணம் இதுதான்: சோளிங்கபுரத்தில் தொட்டாசாரியார் என்னும் பெரியவர் இருந்தார். வருஷந்தோறும் கருட சேவைக்கு வருகிறவர். ஒரு வருஷம் அவரால் வர முடியவில்லை. இங்கே வர முடியாமல் அங்கே உருகிய அந்தப் பக்தருக்காக, வரதர் அந்த ஒரு கணத்தில் சோளிங்கபுரத்துக்கே சென்று காட்சி அளித்தார் என்பது வரலாறு. அதன் ஞாபகமாகத்தான் ஆண்டுதோறும் குடை மறைக்கிறது. வந்த லட்சம் பேருக்கு நடுவே, வர முடியாத ஒருவருக்கென்று ஒரு கணத்தை ஒதுக்கி வைத்திருக்கும் திருவிழா இது.

மூன்றாவது பிரிவில் ஒரே வரி: அத்திவரதர். அனந்தசரஸ் குளத்து நீருக்குள் சயனித்திருக்கும் அத்திமரத் திருமேனி நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வெளியே எழுந்தருளுகிறது. 1979-இல் வந்தது, பிறகு 2019-ஆம் ஆண்டு ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரையில் காட்சி தந்து, மீண்டும் குளத்துக்குள் சென்றது. ஏறக்குறைய ஒரு கோடிப் பேர் தரிசித்ததாகக் கணக்கிட்டார்கள். அடுத்த முறை 2059. அந்த வருஷத்தைச் சொன்னவுடன் ஒவ்வொருவரும் மனத்திற்குள் ஒரு கூட்டல் கணக்குப் போடுகிறார்கள். 2019-இல் ஐந்து வயதாயிருந்த குழந்தைக்கு அப்போது நாற்பத்தைந்து. முப்பது வயதுக்காரருக்கு எழுபது. அறுபது வயதுக்காரருக்கு நூறு. கணக்குப் போட்டவுடன் முகத்தில் ஒரு நிழல் தட்டும். அந்த நிழல்தான் 2019-இல் ஒரு கோடிப் பேரைக் காஞ்சிபுரத்துக்கு இழுத்தது. மணிக்கணக்காக வரிசையில் நிற்க வைத்தது.

அவர்களில் எத்தனை பேர், பக்கத்துத் தெருவில் ஓடிக்கொண்டிருந்த தறியைப் பார்த்திருப்பார்கள்? நாம் குறையாகக் கேட்கவில்லை. அரியதற்கு அவசரப்படுவதும், எளியதைத் தள்ளிப் போடுவதும் மனித சுபாவம். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை என்றால் இன்றே போக வேண்டும். தினந்தோறும் என்றால் நாளைக்குப் போகலாம். நாளைக்குப் போகலாம் என்று சொல்லத் தகுந்தவை, நாளைக்கும் இருக்கும் என்று நாமே தீர்மானம் செய்து விடுகிறோம்.

ஆனால் ஜாபிதாவின் மூன்று பிரிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கணக்குத் தலைகீழாக மாறுகிறது. 2059-இல் அத்திவரதர் வருவார் என்பதில் காஞ்சிபுரத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை. தேதி குறித்தாகிவிட்டது. பார்ப்பதற்கு நாம் இருப்போமா என்பது மட்டுமே கேள்வி. தறியின் விஷயமோ இதற்கு நேர் எதிர். நாம் இருக்கும்போதே அது இல்லாமல் போகலாம். அந்தத் தெருவில் 2059-ஆம் வருஷத்துக் காலைப் பொழுதில் மூன்று நாடாக்கள் ஓடும் சத்தம் கேட்கும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. தினந்தோறும் நடக்கிற காரியத்துக்குத் தேதி கிடையாது. ஆகையினால் அது நின்று போகும் நாளையும் யாரும் குறித்து வைப்பதில்லை. கடைசி நாளன்று அதைப் பார்க்க ஒரு கோடிப் பேர் வரப்போவதுமில்லை.

ஆகையால் நேயர்களுக்கு நாம் கூறும் யோசனை இதுதான். ஆசை ஜாபிதா ஒன்று எழுதுங்கள். அபூர்வமானவற்றைக் கீழே எழுதுங்கள். அவை தம்மைத் தாமே ஞாபகப்படுத்திக் கொள்ளும். தினந்தோறும் கிடைப்பதை மேலே எழுதுங்கள். உங்கள் ஊர் காஞ்சிபுரமாக இருக்க வேண்டியதில்லை. பக்கத்துத் தெருவில் கிழவி ஒருத்தி சுடும் ஆப்பமாக இருக்கலாம். ஆற்றங்கரை அரச மரத்தடியாக இருக்கலாம். யாரும் கேட்காததால் பாட்டி பாடாமல் வைத்திருக்கும் பாட்டாக இருக்கலாம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கும் பன்னிரண்டு வயதுப் பையனைப் போல, போகிறேன் என்று சொல்லி, ஞாயிற்றுக்கிழமையன்று புறப்பட்டு விடுங்கள்.

ஜாபிதாவின் அடியில் இன்னும் ஒரு வரிக்கு இடம் விட்டு வையுங்கள். கோபுர வாசலில் குடை மறைக்கும் அந்தக் கணத்தைப் போல, அது வர முடியாதவருக்கு உரியது. முழங்கால் வலியினால் வீட்டோடு இருப்பவரும், லீவு கிடைக்காதவரும், வாசலைத் தாண்ட நேரமில்லாமல் சமையலறையில் நிற்பவரும் ஒவ்வொரு குடும்பத்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு என்ன கொண்டு போவது என்று காஞ்சிபுரத்தில் யோசிக்க வேண்டியதேயில்லை. மிளகும் சுக்கும் சேர்ந்த கோயில் இட்லி சீக்கிரம் கெடுவதில்லை. மந்தாரை இலையில் சுற்றிக் கட்டினால் மறுநாளைக்கும் மணம் மாறாமல் இருக்கிறது. நாம் மூன்று துண்டு கட்டிக்கொண்டு வந்தோம். வந்து சேர்ந்தது இரண்டுதான். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு குழந்தை, அது என்ன வாசனை என்று கேட்டுவிட்டது.